கால் விரலை இழுத்தவன்

எங்கள் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற புலோவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: கதவு வைத்த ஓர் அறை. பெரிய அறை வேண்டாம். ஜன்னல்கூட இல்லாமல் போகட்டும். கதவைச் சாத்தினால் இன்னொருவன் மூச்சு விடுவது காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். இதை அவன் முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். முழுகாமல் இருக்கிற பெண்டாட்டியை அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன் நிலம் கேட்பான், வீடு கேட்பான். இவன் கதவு கேட்கிறான்.

முழுப்பெயர் கிறிஸ்புலோ. தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவருக்கு ஒன்பதாவது பிள்ளை. வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே மூங்கில் தரை, ஒரே கொசுவலை. அப்பா குறட்டை விடுவார். அப்பா ஓய்ந்தால் பெரியண்ணன் ஆரம்பிப்பான். வயது வந்ததும் புலோ மணிலாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். தகரக் கொட்டகையில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, மேஸ்திரியும் அப்படித்தான். பிறகுதான் இந்தக் கடைக்கு வந்தான். கடையிலேயே தங்கி வேலை, கடைச் சாப்பாடு, படுக்கை அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில். "பரண்ல உன்னோட ஒரே ஒரு ஆள்தான்," என்று முதலாளியம்மா சொன்னதும் பயல் சந்தோஷமாக மூட்டையை இறக்கிவைத்தான். அந்த ஒரே ஆள் மாங் நெமே.

மாங் நெமே எங்கள் ரொட்டி மாஸ்டர். வயதுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் மாங் என்றுதான் கூப்பிடுவோம், பெண்களென்றால் அலிங். மனைவி அலிங் தினாய் மரிந்துக்கே தீவில் சொந்த வீட்டில் இருக்கிறாள். இவர் வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தங்கமான மனுஷர். ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. படுத்தால் மட்டும் வேறு ஆள்.

ரொட்டிக்காரர்களுக்கு ராத்திரிதான் வேலை. காலையில் பன்தெசால் ரொட்டி விற்றுத் தீர்ந்ததும் குளித்து, கருவாடும் சோறும் சாப்பிட்டு, ஊரெல்லாம் வேலைக்குப் போகிற நேரத்தில் இவர்கள் பரணேறுவார்கள். கீழே அடுப்புச் சூடு, மேலே தகரம், நடுவில் மாங் நெமேயின் குறட்டை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ரொட்டி விற்கிறவள் நான். எனக்கே பேச்சுக் கேட்காது. "உள்ள என்ன சலோமே, மிஷின் ஓடுதா?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். "ஆமா, பழைய மிஷின்," என்பேன். எனக்கென்ன, தமாஷ். நான் சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடுகிறவள்.

புலோ என்னென்னவோ செய்து பார்த்தான். முதலில் காதில் பஞ்சு. பஞ்சு போதவில்லை என்று பிசைந்த மாவை உருட்டி வைத்துக்கொண்டு படுத்தான். ஈஸ்ட் போட்ட மாவு, பரணிலோ அடுப்புச் சூடு, சும்மா இருக்குமா? காதுக்குள் பொங்கிவிட்டது. நான்தான் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். "ரொட்டிக்காரனாடா நீ?" என்று கேட்டேன். அவனுக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

மாவு மூட்டை அறையில் போய்ப் படுத்தான், எலி கடித்தது. மாதா கோயில் பெஞ்சில் படுத்தான். கோயில்காரர் துடைப்பத்தோடு வந்தார். தெருமுனையில் ஒரு கிழவர் செத்துப்போயிருந்தார். எங்கள் ஊரில் அடக்கம் ஆகும்வரை வாசலில் நாற்காலி போட்டிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். புலோ உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். துக்கம் தாங்காமல் மயங்கிவிட்டான் என்று வீட்டார் முகத்தில் தண்ணீர் தெளித்து, காபி கொடுத்து, நீ யார் பிள்ளை என்று கேட்டார்கள். செத்தவரின் பெண்டாட்டி மட்டும், இவன் முகத்தில் தன் புருஷன் ஜாடை தெரிகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே அவன் போவதில்லை.

கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. மாவில் ஒருநாள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டான். வாடிக்கைக்காரர்களிடம் திட்டு வாங்கியது நான், வாசலில் நின்று; முதலாளியம்மாவிடம் அவன். அன்று மத்தியானம்தான் அந்தக் காரியம் நடந்தது.

பங்குங்கோட் என்றால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு நடுக்கம். திடமான ஆள் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பான். தூக்கத்தில் ஏதோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தது போல முனகுவான். பிறகு எழுந்திருக்க மாட்டான். முனகுவது காதில் விழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவன் சும்மா இருக்கக் கூடாது. கால் பெருவிரலைப் பிடித்து இழுக்க வேண்டும், கேட்காவிட்டால் கடிக்க வேண்டும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

புலோ இழுத்தது உயிரைக் காப்பாற்ற அல்ல. உப்புக்கு வாங்கிய திட்டு, தூக்கமில்லாத எரிச்சல், எல்லாம் சேர்ந்து, விரலையே பிய்த்துவிடுவது போல இழுத்தான். மாங் நெமே அலறிக்கொண்டு எழுந்தார். பார்த்தால் பயல் கையில் தன் கால் விரல். என்ன சொல்வது என்று தெரியாமல் புலோ, "முனகினீங்க மாங் நெமே," என்றான்.

பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். இவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். கீழே இறங்கி வந்து என்னிடம், "சலோமே, நான் இன்னைக்குச் செத்துப் பொழச்சேன்," என்று அழுதார். பயத்தில் அன்றைக்கு அவர் மறுபடி தூங்கவே இல்லை. புலோ மேலே செத்த பிணம் போலத் தூங்கினான்.

ருசி கண்டுவிட்டான். மறுநாளும் இழுத்தான். அடுத்த நாளும் இழுத்தான். "இன்னைக்குமா?" என்று கேட்பார் அவர். "இன்னைக்கு ரொம்ப மோசம்," என்பான் இவன். அவர் முழித்துக்கொண்டு கிடப்பார், இவன் தூங்குவான். "பாவம்டா, பெரிய மனுஷர்," என்றேன் நான். "நாலு நாள் அக்கா, நாலே நாள் தூங்கிக்கறேன்," என்றான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் மாங் நெமே யோசிக்கிற ஆள். இத்தனை தரம் ஆபத்து வருகிறதென்றால் ஒருநாள் இந்தப் பயல் அசந்து தூங்கிவிட்டால் என் கதி என்ன என்று யோசித்திருக்கிறார். ரொட்டிப் பெட்டி கட்டுகிற நூலை எடுத்து ஒரு முனையைத் தன் கால் விரலிலும் மறுமுனையை இவன் மணிக்கட்டிலும் கட்டினார். "நான் தூங்கினப்புறம் நீ முழிச்சிருந்து காது குடுத்துக் கேளுடா. நான் எந்திரிச்சதும் நீ படு," என்றார். முதலாளியம்மாவிடம் பேசி, தட்டு கழுவுகிற வேலையிலிருந்து இவனை விடுவித்தார். மாஸ்டர் உயிரோடு இருந்தால்தானே கடை நடக்கும், அம்மாவும் சரி என்றுவிட்டாள். முன்பாவது குறட்டையைக் கேட்காமலிருக்க இவன் முயற்சி செய்யலாம். இப்போது அதைக் கேட்பதே வேலையாகிவிட்டது. அவர் கொஞ்சம் புரண்டால் நூல் இழுக்கும். நூல் இழுத்தால் இவன் எழுந்து உட்காருவான். அவர் எழுந்திருக்கும்போது மாவு பிசைகிற நேரம் வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் லிப்பா ஊரிலிருந்து புலோவின் மச்சான் ஆள் அனுப்பினான். புதிதாக ரொட்டிக் கடை திறக்கிறான். பின்னால் ஓர் அறை இருக்கிறது, கதவோடு. பெண்டாட்டியும் பிள்ளை பெற அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். புலோ என்னிடம் அந்த அறையைப் பற்றிச் சொன்னபோது கையால் கதவைச் சாத்திக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாங் நெமேயிடம் போய்ச் சொன்னான். பெரியவர் மாவு உருட்டுவதை நிறுத்தவில்லை.

"போடா, நல்லா இரு. பெண்டாட்டி பிள்ளையோட இருக்கணும்ல. எனக்கென்ன, வயசாயிடுச்சு. ஒருநாள் இவங்க பரண்ல ஏறிப் பாப்பாங்க. உனக்குச் சேதி அனுப்பச் சொல்றேன்."

"திட்டியிருந்தா போயிருப்பேன் அக்கா," என்றான் புலோ என்னிடம்.

ரொட்டி கொண்டுபோகிற சைக்கிள்காரன் இசிங்கைத் தன் இடத்துக்குப் பழக்கிப் பார்த்தான். இசிங் நூலைக் கட்டிக்கொண்டு படுத்தான், பெரியவருக்கு முன்னால் தூங்கினான், அவரைவிடச் சத்தமாகக் குறட்டையும் விட்டான். பிறகு புலோ பெண்டாட்டியைப் பார்த்துவர லீவு போட்டுப் போனபோது மாங் நெமே படுக்கவே இல்லை. மாவு மூட்டைமேல் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் அடுப்பு வாயில் கை வைத்துச் சுட்டுக்கொண்டார். முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு, "வந்துட்டியா," என்று அவர் சிரித்ததைப் பார்த்ததும் புலோவுக்கு லிப்பாவைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

கடைசியில் உண்மையையே சொல்லிவிட்டான், என் எதிரிலேயே.

"மாங் நெமே, நீங்க முனகவே இல்ல. குறட்டைதான் விட்டீங்க. தூங்க முடியல, கோவத்துல இழுத்தேன். அப்புறம் தினமும் பொய்தான்."

பெரியவர் அவனையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா சலோமே? நான் நிம்மதியா அவனை அனுப்பி வைக்கணும்னு எனக்காக என்ன மாதிரி பொய் சொல்றான். டேய், நான் குறட்டையே விடறதில்லடா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒருநாள்கூட தினாய் சொன்னதில்ல. வேணும்னா திருவிழாவுக்கு வரா, கேட்டுக்கோ."

புலோ அதைப் பிடித்துக்கொண்டான். அலிங் தினாய் வந்து, ஆமாம், நீங்கள் குறட்டை விடுகிறவர்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லது இந்த வயதில் ஏன் வேலை என்று புருஷனைக் கையோடு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. திருவிழாவுக்கு மறுவாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவளுக்கென்று தேங்காய்ப் பூரணம் வைத்த ரொட்டி தனியாகச் செய்து வைத்தான். சாமி கும்பிடுகிற மாதிரி அவள் வருகையை எதிர்பார்த்தான்.

அலிங் தினாய் வந்தாள். மாங் நெமே வயதுதான், பார்த்தால் பத்து வயது குறைவாகத் தெரிந்தாள். கன்னம் பளபளவென்று, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். புருஷனுக்குக் கருவாடும் புதுச் சட்டையும் கொண்டுவந்திருந்தாள். ஊர்வலம் முடிந்து சாப்பாடும் ஆனபின் அவர் பரணேறிப் போனார். அவள் ஊருக்குக் கிளம்ப என் பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்தாள். புலோ வந்து அவள் காலடியில் குந்தினான். எல்லாவற்றையும் சொன்னான், விரலை இழுத்தது, நூல், லிப்பா, கதவு, ஒன்று விடாமல். நான் வேண்டுமென்றே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க அலிங் தினாய். இல்லேன்னா அவர்கிட்ட உண்மையையாவது சொல்லுங்க."

அவள் பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த விரலை மொதல்ல இழுத்தது யாருன்னு நெனைச்ச?"

புலோ நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"கல்யாணமான புதுசு. உன்னை மாதிரியே ஒருநாள் பொறுக்க முடியாம இழுத்துட்டேன். புது மாப்பிள்ளைகிட்ட குறட்டைன்னு எப்படிச் சொல்றது, முனகினீங்கன்னேன். அப்புறம் அவர் என்னை விடல. நூல்கூட உனக்குத்தான் மொதல்ல கட்டினார்னு நெனைக்காத. பிள்ளைங்க பொறந்து, வளந்து, போயே போயாச்சு, நான் உக்காந்தே இருந்தேன். இந்தக் கடைக்குத் தெரிஞ்ச எங்க பெரியம்மா மகன்கிட்ட கெஞ்சித்தான் அவரை இந்த வேலைக்கு அனுப்பினேன். இங்க விரலை இழுக்க ஆள் இல்லாம அந்தப் பயத்தையே மறந்திருந்தார், நீ திரும்பவும் கிளப்பிவிட்டுட்ட."

"அப்ப நான் போயிடறேன்," என்றான் புலோ. "திங்கக்கெழமை கிளம்பிடறேன்."

"நீ போனா அவர் இங்க இருக்கமாட்டார் தம்பி. பெட்டியைத் தூக்கிட்டு என்கிட்டதான் வருவார்."

அவள் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பளபளப்பான முகம் ஒரு நொடியில் கிழமாகிவிட்டது.

"நீ சின்னப் பையன். தூங்கறதுக்கு உனக்கு எத்தனையோ வருஷம் கெடக்கு. எனக்கு எவ்வளவு இருக்குன்னு பாரு. எங்கிட்டேர்ந்து அதைப் பறிச்சிடாதப்பா."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. புலோ என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்தேன்.

"புலோ," என்று மேலேயிருந்து மாங் நெமே கூப்பிட்டார். "கண்ணைச் சொருகுதுடா. வா."

அவன் தன் கையை மெல்ல அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டான். "வரேன் மாங் நெமே," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினான்.