கொஞ்சம் மோந்து சொல்லுங்க

“இதைக் கொஞ்சம் மோந்து சொல்லுங்க” என்று வேலிக்கு மேலாகக் கையை நீட்டுகிறார் பக்கத்து வீட்டு அக்கா. விரல்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பொட்டலம். காலையில் தோட்டத்துப் பக்கம் வரும் எவருக்கும் இதுதான் முதல் வரவேற்பு. பால்காரர் முகர்ந்திருக்கிறார். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் முகர்ந்துவிட்டுப் போனார். நான் வாயில் பற்பசை நுரையோடு முகர்ந்து, “ஏதோ வருது” என்றேன். வந்தது பற்பசையாகவும் இருக்கலாம்.

அக்காவுக்கு மூக்கு வேலை செய்வதில்லை. ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓடுவார். இப்படிப்பட்டவர் பார்த்துப் பார்த்துப் பிடித்திருப்பது வாசனை விவசாயம்.

வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு பீன்ஸ் தோட்டம். கொடி ஏறுவதற்கு நட்ட கம்புகளில் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பூச்சி கடித்தால் செடி ஒரு மணத்தை விடுமாம். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு, பூச்சியைத் தின்னும் பூச்சிகள் வந்து சேருமாம். பொறிவண்டு வரும், கண்ணாடிச் சிறகுப் பூச்சி வரும், கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினியை ஒரு கை பார்க்கும். அதே மணத்தைத்தான் பொட்டலத்தில் அடைத்து விற்கிறார்கள்.

“பந்திக்குக் கூப்பிடுற மாதிரிதான் தம்பி” என்பார். நான் சரியென்று தலையாட்டுவதற்குள் அவரே குழம்பிவிடுவார். “ஆனா சாப்பாடு இருந்தாத்தானே அதுங்க நிக்கும்? அப்ப அசுவினியும் கொஞ்சம் இருக்கணும். இப்பல்லாம் அதைப் பாத்தா சந்தோஷப்படுறதா, வயித்தெரிச்சல் படுறதான்னே தெரியல.” எனக்கும் தெரியவில்லை.

போன பருவத்தில் நடந்தது இன்னும் மோசம். இலைக்கு அடியில் கறுப்பும் ஆரஞ்சுமாக, பொடி முதலைபோல ஏதோ ஊர்ந்தது. பார்த்த இடத்திலெல்லாம் கட்டைவிரலால் நசுக்கித் தள்ளினார். பிறகுதான் உரக்கடைக்காரர் படம் காட்டினார்: அவை பொறிவண்டின் குஞ்சுகள். “கூப்பிட்டு வரவழைச்சு வாசல்லயே கொன்னிருக்கேன்” என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொள்வார். அதற்கப்புறம் கையில் கொசு உட்கார்ந்தால்கூட உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறார். அதற்குள் அது குடித்து முடித்துப் போயிருக்கும்.

மணம் தீர்ந்த பொட்டலத்தை மாற்றவேண்டும். தீர்ந்ததா என்று சொல்ல வீட்டில் இருக்கும் ஒரே மூக்கு அவர் கணவருடையது. அவர் வேன் ஓட்டுகிறவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்து, காலையும் மாலையும் வலிக் களிம்பு பூசுகிறவர். பொட்டலத்தின் மணமும் அந்தக் களிம்பின் மணமும் ஒன்றேதான்.

“ஏங்க, வாசனை வருதா?”

“வருது. பொட்டலத்துலேர்ந்தா, என் முட்டியிலேர்ந்தான்னு எனக்கெப்படித் தெரியும்?”

“முட்டியைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு மோந்து பாருங்க.”

“கழட்டியா வைக்க முடியும்?”

போதாததற்கு அவர் மருந்தடிக்கச் சொல்லும் கட்சி. கொடி நுனியெல்லாம் அசுவினி அப்பி, பூ உதிர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பீன்ஸும் போனால் இந்த வருஷத்து உழைப்பு முழுக்கப் போச்சு. மருந்தடித்தாலோ அசுவினியோடு காவலுக்கு வருவதும் சாகும். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள், அதற்குள் ஒரு பொறிவண்டாவது வராவிட்டால் அடித்துவிடலாம் என்று அக்கா கெஞ்சித் தவணை வாங்கியிருந்தார். அதனால் கணவர் “வாசனை போயிடுச்சு” என்றால், சொல்வது மூக்கா கோபமா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வேலிக்கு மேலே அந்தக் கை நீண்டதெல்லாம் இதனால்தான்.

வெள்ளிக்கிழமை, மருந்தடிப்பவர் முதுகில் டாங்கியோடு வந்து நின்றார். பொறிவண்டு ஒன்றும் வந்திருக்கவில்லை. அக்கா கம்பு கம்பாகப் போய் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கணவர் தோட்டத்து ஓரத்தில் நின்று, “போதும், வந்துடு. அடிச்சுடலாம்” என்றார். ஜெயித்தவர் குரல்போல இல்லை அது.

அப்போதுதான் அது வந்தது. சிவப்பாக, முதுகில் கறுப்புப் புள்ளிகளோடு. கொடிகளைத் தாண்டி, கட்டியிருந்த பொட்டலங்களையெல்லாம் தாண்டி, களிம்புக்காகச் சுருட்டிவிட்டிருந்த கால்சட்டைக்குக் கீழே, நேராகக் கணவருடைய இடது முட்டியில் உட்கார்ந்தது.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

“இது தோட்டத்துக்கு வந்ததா, உங்களுக்கு வந்ததா?” என்று மருந்தடிப்பவர்தான் கேட்டார். “அடிக்கவா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க.”

“இருப்பா. எனக்கே ஒண்ணும் புரியல” என்றார் கணவர். பிறகு முட்டியை மடக்காமல், காலை விறைப்பாக இழுத்து இழுத்து நடந்து தோட்டத்தின் நடுவுக்குப் போனார். காய் பறிக்கும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இடது காலைக் கொடிப் பக்கம் நீட்டினார். பொறிவண்டு அசையவில்லை.

“நான் எந்திரிச்சப்புறம் அடிச்சுக்கலாம்” என்றார். எழுந்திருக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய சட்டைப் பையிலிருந்து களிம்பை எடுத்தார். மற்ற காலின் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, வலியே இல்லாத அந்த வலது முட்டியிலும் தாராளமாகப் பிதுக்கித் தேய்க்கத் தொடங்கினார்.