என் பேருக்கு முன்னால் ஒரு சொல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மகன்களுக்கு இரண்டு மூன்று கடிதமும்தான். வரி கோணலாகப் போகும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வேண்டியதை மறந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதப்போவது ஒரு நாளைப் பற்றி. அதற்கு மறுநாளையும் சேர்த்தால் இரண்டு நாள். நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது, அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் திண்டுக்கல்லில் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். நான் இருப்பது அவனோடுதான். இளையவன் கோயம்புத்தூரில் மில் வேலை. அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்கு அவனைப் பிடிக்காது, பெண்ணுக்குப் பிடித்தால் யாராவது ஒரு சித்தப்பாவுக்குப் பிடிக்காது. அவனுக்கு முன்தலையில் வழுக்கை ஏறிக்கொண்டே போனது. அவன் கல்யாணத்தைப் பார்க்காமல் நான் போய்விடுவேனோ என்பதுதான் அந்த ஒன்பது வருஷமும் என் ஒரே பயம். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் நத்தம் பக்கத்தில் ஒரு இடம் அமைந்தது. பெண் நல்ல பெண். பேசி முடித்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் இல்லாதவள் பேரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதில்லை. மூத்த மகனும் மருமகளும் அழைப்பதாகத்தான் மேலே போடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. உள்ளே, இன்னாருடைய மகன் என்று வரும் இடத்தில், போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரர் பேருக்குப் பக்கத்தில் என் பேரும் வரும். அவர் பேருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று இருக்கும். இறந்தவர்கள் பேருக்கு முன்னால் போடுகிற சொல் அது. என் பேருக்கு முன்னால் ‘திருமதி’. அது போதும்.

“அம்மா ஒருதடவ பாத்தாத்தான் அச்சுக்கு விடணும்” என்று இளையவன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். காரணம் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். பேப்பரில் ஒரு பக்கம் படித்து முடிக்க எனக்கு மத்தியானம் ஆகிவிடும். வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் அப்படிப் படிக்கும்போது ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் தட்டிவிடும். கண் புரை எடுத்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அப்படித்தான் மூத்தவனோடு அந்த அச்சாபீஸுக்குப் போனேன். ஆபீஸ் என்றால் மாடியில் ஒரே அறை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முப்பது வயது இருக்கும். பெண்ணைப் பெற்ற சம்பந்தியும் நத்தத்திலிருந்து புதுப்புளி ஒரு பையோடு வந்து எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு வாய் கட்டிப்போயிற்று. வேற்று ஆண்கள் இருக்கிற இடத்தில் எனக்குச் சத்தமே வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என்னைத் திரைக்கு நேராக உட்கார வைத்தாள். இடது பக்கம் எழுத்தும் சாய்ந்த கோடும் வளைவுமாக ஏதேதோ குறிகள். இதையா ஊருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று எனக்குப் பகீரென்றது. அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். வலது பக்கத்தில் பத்திரிகை வந்து நின்றது. ஓரத்தில் பூ வளையம், உச்சியில் பிள்ளையார், இரண்டு குத்துவிளக்கு, அரக்குச் சிவப்பில் எழுத்து. தாளே இல்லாமல் தாள்.

“இதாம்மா பிரிவியூ. அச்சுல எப்பிடி வருமோ அப்பிடியே இதுல தெரியும். இதுல தப்பா இருந்தா அதுலயும் தப்பாத்தான் வரும்.”

சம்பந்தி சிரித்தார். “மாப்பிள்ளைக்கும் இது மாதிரி ஒரு மிசினு இருந்துச்சுன்னா, பாத்துட்டுப் பொண்ணு குடுக்கலாம்.”

“பாத்தா குடுக்க மாட்டீக மாமா” என்றான் மூத்தவன். “குறட்டையும் சேந்து கேக்கும்.”

அந்தப் பெண் என் வலது கையை எடுத்து மவுஸ் மேல் வைத்தாள். “எழுத்து சின்னதாத் தெரிஞ்சா, இடது கையால இந்தப் பட்டன அமுக்கிக்கிட்டு, இந்தச் சக்கரத்த மேல உருட்டுங்க. பெருசாகும். கீழ உருட்டுனா சின்னதாகும். பயப்படாதீங்க, ஒண்ணும் அழியாது.” சொல்லிவிட்டு அவள் ஒரு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மூத்தவனும் சம்பந்தியும் சமையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். மாதம், தேதி, கிழமை சரி. நல்ல நேரம் சரி. மூத்தவன் பேர், மருமகள் பேர் சரி. அடுத்த வரி அவருடையது. தெய்வத்திரு, பிறகு அவர் பேர். சரி. அதற்குப் பக்கத்தில் என் பேர்.

என் பேருக்கு முன்னாலும் ‘தெய்வத்திரு’ இருந்தது.

அவருடைய சொல்லைத்தான் இரண்டாம் முறை பார்க்கிறேன் என்று நினைத்துத் திரும்பவும் எழுத்துக்கூட்டினேன். தெ. ய். வ. அப்புறம் என் பேர்தான். என் தகப்பனார் வைத்த பேர், என் இனிஷியல்கூட விடாமல்.  காதில் இரைச்சல். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது தெரிகிறது, வாய் அசைகிறது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. மவுஸ் மேல் இருந்த கையைப் பார்த்தேன். வளையல் இருந்தது, நரம்பு துடித்தது. என் கைதானா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாகிவிட்டது. எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. சம்பந்தி முன்னால் என்ன என்று சொல்வது, நான் சாகவில்லை என்றா? ஒருவேளை தெரிந்தேதான் போட்டிருக்கிறார்களோ, புருஷன் போனவளுக்கு இப்போதெல்லாம் இப்படித்தான் போடுகிறார்களோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. என் புத்தி அந்த நேரத்தில் அப்படிப் போயிற்று.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். “என்னம்மா, பாத்துட்டீங்களா? ஓகேன்னா இப்பவே அனுப்பிருவேன், மத்தியானத்துக்குள்ள அச்சு ஏறிரும்.”

மூத்தவன் என் பக்கம் திரும்பாமலே, “அம்மா பாத்தாச்சுல்ல, அனுப்பிருங்க” என்றான்.

எனக்கு இடது கையில் அந்தப் பட்டன் தட்டுப்பட்டது. அழுத்தினேன். சக்கரத்தை மேலே உருட்டினேன். பத்திரிகை பெரிதாயிற்று. பிள்ளையார் மேலே போய் மறைந்தார், விளக்கு மறைந்தது, மூத்தவன் பேரும் மறைந்தது. இன்னும் உருட்டினேன். கடைசியில் திரை முழுக்க என் வரி மட்டும் நின்றது. உருட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் இருக்கும்.

“அம்மா, போதும்மா, ரொம்பப் பெருசாப் போச்சு” என்று அந்தப் பெண் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு மூத்தவன் எழுந்து வந்தான். அவனுக்குப் பின்னால் சம்பந்தி.



“அண்ணே” என்று அவள்தான் ஆரம்பித்தாள். “அண்ணன் பேர்ல அழைப்புன்னு சொன்னீங்கல்ல. அது மாதிரி பழைய கார்டு ஒண்ணு இருந்துச்சு. அந்த மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. நான் பேர மட்டும் மாத்துனேன். முன்னாடி இருந்தது அப்பிடியே நின்னுபோச்சு.”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் அழைக்கிறான் என்றால் அம்மா இல்லை என்றுதானே தோன்றும். எனக்கு அதிர்ச்சி வேறு. அவள் அனுப்பிவைத்த அந்தப் பத்திரிகை மூன்று நாளாக எல்லார் போனிலும் இருந்திருக்கிறது. மூத்தவன் பார்த்திருக்கிறான். மருமகள் பார்த்திருக்கிறாள். சம்பந்தி தன் வீட்டுப் பேர்களை எண்ணிப் பார்த்து ஒரு மச்சான் பேரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். இத்தனை கண்ணிலும் படாமல் நான் செத்துக் கிடந்திருக்கிறேன்.

சம்பந்திதான் பேச்சை எடுத்தார். “சம்பந்தியம்மா, மனசுல வச்சுக்கிறாதீக. இப்பிடி வந்துச்சுன்னா ஆயுசு கூடும்பாக. பேரப்பிள்ளைக்குக் காது குத்தாம உங்களால போக முடியாது.” நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘திருமதி’ போட்டாள். பட்டனைத் தட்டினாள். பத்திரிகை மறுபடி வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். மூத்தவன் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

“என்ன அப்பு?” என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு அது.

“நேத்து சாமிக்கு வச்சுட்டேன்மா.”

முதல் பத்திரிகை குலசாமிக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, வீட்டு மூத்தவன் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நாள் நன்றாக இருந்தது என்று, சாமிக்கு மட்டும் ஒன்றை முன்னாடியே கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“எம்பேரையுமா?”

அவன் தரையைப் பார்த்தான். “ஒரே மூச்சுல படிச்சேன்மா. வாய்தான் படிச்சுச்சு.”

திரையில் பார்த்தபோது வந்த அதிர்ச்சியைவிட இதுதான் பெரிது. பெற்ற மகன் வாயால், சாமி முன்னால்.

அன்று சாயங்காலம் இளையவன் போன் செய்தான். அண்ணன் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.  “நானும் பாத்தேன்மா. பொண்ணு பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்தேன்” என்றான்.

“பொண்ணு பேரு சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்பறம் என்ன. போய்ச் சாப்பிடு.”

போனை வைத்த பிறகு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் புதுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு குஜிலியம்பாறை பஸ் ஏறினோம். எங்கள் குலசாமி அந்தப் பக்கத்துக் காட்டில் இருக்கிறது. பூசாரி பழைய பத்திரிகையை வேலில் செருகி வைத்திருந்தார். மூத்தவன் விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறது இன்னைக்குத்தான் பாக்குறேன். இந்தம்மாவா அது? நல்லாத்தான நிக்குது.”

“நல்லாத்தான் இருக்காக. அதுக்குத்தான் வந்தோம்” என்றான் மூத்தவன்.

பூசாரி பழையதை உருவிக் கொடுத்தார். மூத்தவன் புதியதை விரித்துப் படிக்கப்போனான். நான் கையை நீட்டினேன். எப்படி நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் கொடுத்துவிட்டான்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். கோயிலில் மற்றவர்களும் இருந்தார்கள். முதல் இரண்டு வரிக்குக் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது, பிறகு கொஞ்சம் வந்தது. மூத்தவன் பேர் படித்தேன், மருமகள் பேர் படித்தேன். தெய்வத்திரு என்று படித்து அதோடு நின்றேன். அவர் பேரை நான் இந்த வாயால் சொன்னதே இல்லை. அவர் இருக்கும்போதும் இல்லை, போன பிறகும் இல்லை. மூத்தவனைப் பார்த்தேன். அவன் புரிந்துகொண்டு அப்பா பேரைச் சொன்னான். அதற்கடுத்தது நான் படித்தேன். திருமதி. பிறகு என் பேர். என் பேரை நானே அவ்வளவு சத்தமாகச் சொன்னது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். இளையவன் பேர் வந்த இடத்தில் கண் மறைத்தது. மீதியை மூத்தவன் படித்தான்.

கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பழைய பத்திரிகை என் துணிப்பெட்டியில் அடியில் கிடக்கிறது. கிழித்துப்போட மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியமில்லை.

இதையும் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் அடித்து, அது மாதிரி ஒரு திரையில் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு விடுவார்கள் என்று சொன்னார்கள். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேர் இருந்தால்தானே முன்னால் எதையாவது சேர்ப்பார்கள். விவரங்களை மட்டும் யாராவது சரிபார்த்துவிடுங்கள். சாமிக்கு வைத்தது அச்சாபீஸுக்குப் போனதற்கு முந்தின நாளா, இரண்டு நாள் முன்னாலா என்பது மூத்தவனுக்குத் தெரியும். பத்திரிகை மூன்று நாளாகப் போனில் இருந்ததா என்று மருமகளைக் கேளுங்கள். சக்கரத்தை மேலே உருட்டினால் பெரிதாகுமா, கீழே உருட்டினாலா என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது உருட்டிப் பாருங்கள். எனக்கு மேலே என்றுதான் ஞாபகம்.