அம்மாவுக்கு எட்டு, மகனுக்கு இரண்டு

ஆய்வகத்தில் அவளுக்கு 'சந்தேகம்' என்றே பெயர். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பத்தொன்பது வருட வேலையில் ஒரு ரத்த மாதிரிக் குழாயின் எண்ணைக்கூட ஒரு தடவை படித்ததோடு விட்டதில்லை. எந்தக் கைக்குழந்தையைக் கண்டாலும் பெற்றவர்களை ஏற இறங்கப் பார்த்து, "மூக்கு அப்பா, காது அம்மா" என்று பங்கு பிரிக்காமல் நகரமாட்டாள்.

அன்று அவள் கையில் ஒரு வெல்டரின் கோப்பு. தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள் அவருக்கு ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தன. அவருடைய அம்மாவும் அதே நோயில்தான் போனார். எந்த மரபணுவில் கோளாறு என்று தெரிந்தால்தான் புது மருந்துச் சோதனையில் இடம். பட்டியல் அன்று மாலை மூடுகிறது.

மற்ற மரபணுக்களில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசி மரபணுவின் தாளில் ஒரே ஒரு மேடு, இரண்டாம் எண்ணில். அந்த மரபணுவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும் ஒரு சிறு துண்டு, பெற்றோர் தந்த இரு பிரதிகளிலும் இரண்டே தடவை வருகிறது, பழுதில்லை என்று அர்த்தம்.

"கையெழுத்துப் போடுங்கக்கா. 'காரணம் தெரியவில்லை'ன்னு அனுப்பிடலாம்," என்றாள் இளம் டாக்டர்.

"இருங்க டாக்டர். அம்மாவோட தாள் எங்க?"

"அதுவும் நார்மல்தான். பழைய அலமாரியில கெடக்கும். உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

தேடி எடுத்து, இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். அம்மாவுக்கும் ஒரே மேடு. ஆனால் எட்டில்!

மூக்கையும் காதையும் பங்கு பிரிக்கிற புத்தி சும்மா இருக்குமா? அம்மாவிடம் இரண்டுமே எட்டென்றால் மகனுக்கு ஒரு பிரதியிலாவது எட்டு வந்திருக்க வேண்டுமே!

"இவங்க பெத்த பிள்ளையே இல்ல அவரு. இல்லன்னா நம்ம மெஷினுக்குக் கண்ணு தெரியல."

"குழாய் மாறியிருக்குமோ?"

"என் கையிலயா?"

டாக்டர் இரண்டு தாள்களையும் மறுபடி பார்த்தாள். மறு நொடி நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. "அக்கா! நீளமானது!"

அந்தத் துண்டு நூற்றுக்கணக்கில் நீண்டுவிட்டால் சாதாரணச் சோதனையில் தென்படவே தென்படாது. நல்ல பிரதி மட்டும் தனியாக நின்று, 'நாங்கள் இரண்டு பேர்' என்று ஏமாற்றும்.

உறைபெட்டியில் இருந்த அம்மாவின் பழைய மாதிரியையும் சேர்த்து, நீண்டதைப் பிடிக்கும் சோதனை ஓடி முடிய நாலு மணி நேரம். இருவர் டீயும் ஏடு கட்டியது. திரையில் முதலில் அம்மா, அடுத்து மகன். சீப்புப் பல் மாதிரி மேடுகள், தேய்ந்துகொண்டே, நீண்டுகொண்டே... இரண்டிலும்!

டாக்டர் வெல்டரைப் போனில் பிடித்தாள்.

"காரணம் கெடச்சிருச்சு. உங்க அம்மாகிட்டயும் இதேதான் இருந்திருக்கு."

"அப்ப... லிஸ்ட்ல நான் உண்டா டாக்டர்?"

"இப்பவே அனுப்புறேன்."

பட்டியல் மூட இருபது நிமிடம். பொத்தானை அழுத்திவிட்டு டாக்டர் திரும்பினாள்.

"போச்சான்னு இன்னொரு தடவ..." என்று ஆரம்பித்தாள் சந்தேகம்.

"மூணு தடவ பாத்துட்டேன்க்கா!"