தோளில் ஒரு கை

கடைக்கு எந்தப் புகைப்படம் வந்தாலும் அண்ணன் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணோ, பின்னால் யார் நடந்து போகிறார்கள், கதவிடுக்கில் யார் நிற்கிறார்கள் என்று மேயும். பக்கத்துக்கடைத் தையல்காரர் சும்மா இருக்க மாட்டார். "ஓரமா பாத்துப் பாத்து உங்க கழுத்தே கோணலா தச்ச காலர் மாதிரி ஆயிருச்சுண்ணே."

"நடுவுல நிக்கிறவங்களைப் பாக்க ஊரே இருக்கேப்பா" என்பார்.

தெருவில் அவருக்கு டச்சப் அண்ணன் என்று பெயர். பழைய படங்களின் கிழிசல், கறை, முகத்துப் பரு எல்லாம் அவர் கை பட்டால் மாயமாகிவிடும். முன்பு வேறு ஊரில் இருந்தார். அந்த ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் அவர்தான். சொந்த மனைவியை மட்டும் எடுக்கவில்லை. "நம்ம வீட்டு ஆளு எங்க போயிரப்போகுதுன்னு இருந்துட்டேன்" என்பார்.

பிறகு, ஓர் இனமே பூமியில் இருக்கக் கூடாது என்று முடிவு கட்டியவர்கள் வீடு வீடாக வந்தார்கள். அண்ணன் வேலையாக வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது தெருவில் நாய்கள்தான் இருந்தன. இவரை மட்டும் எதற்கு மிச்சம் வைத்தானோ, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மனைவியின் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை. யார் படத்தின் ஓரத்திலாவது தற்செயலாக விழுந்திருக்க மாட்டாளா என்றுதான் அந்தத் தேடல்.

போன மாதம் அதே ஊர்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் பத்திரிகையில் வந்த படம். சுட்டுக் கொல்வதற்காக ஜனங்களை வரிசையாக நடத்திப் போனதை யாரோ ஒளிந்திருந்து எடுத்தது.

"இவருதான் எங்க வீட்டுக்காரர். தனியா எடுத்துக் குடுங்கண்ணே. மாட்டிவைக்க வேற படமே இல்ல."

அண்ணன் அதைக் கணினியில் ஏற்றி, ஓரத்திலிருந்து முகம் முகமாகப் பார்த்தார். மனைவி அதில் இல்லை. பிறகு வேலையைத் தொடங்கினார். கன்னத்து மண்ணைத் துடைத்தார். சட்டைக் கிழிசலை மூடினார். கண்ணில் கொஞ்சம் ஒளி வைத்தார். அந்த மனிதரின் தோளில் ஒரு கை இருந்தது. கைக்குரிய ஆள் கூட்டத்தில் மறைந்திருந்தார். குடும்பப் படங்களில் வேண்டாத கையை அழிக்கிற பழக்கத்தில் அதையும் அழித்துவிட்டார்.

முடித்த படத்தை அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்காரு." பிறகு கேட்டாள்: "அந்தக் கை எங்கண்ணே?"

"அது வேற யாரோடதோம்மா. பாக்க நல்லா இருக்காதேன்னு..."

"கடைசியா அவரைத் தொட்டுக்கிட்டு இருந்தது அதுதானேண்ணே. நான் கூட இல்லையே. அது இருக்கட்டும். மண்ணும் இருக்கட்டும்."

அண்ணன் மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். மண், கிழிசல், கண்ணில் இருந்த பயம், கை என எல்லாவற்றையும் அதனதன் இடத்திலேயே திரும்ப வைத்துக் கொடுத்தார். அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகங்களைத்தான் தேடினார், கையை யார் பார்த்தது? அதை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கினார். பெண்ணின் கைதான். அவர் மனைவிக்கு மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு உண்டு. இதில் தழும்பு இல்லை.

இருந்தும் படத்தை மூடவில்லை. தன் வலது கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, திரையிலிருந்த அந்தக் கையின்மேல் மெல்ல வைத்துக்கொண்டார்.