ஒரு வசனத்துக்கு மேல் படிக்காதவர்

டயர்க் கடைக்கு மேல்மாடியில் சபை நடத்தும் அந்தப் பாஸ்டரை யாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை போடும் சட்டையை வெள்ளிக்கிழமையே துவைத்து, தானே நின்று இஸ்திரி போடுவார். மீசைக்கு மை தீட்டக் கண்ணாடி முன்னால் நின்றாரென்றால் காபி ஆறிவிடும். பிரசங்கத்தைப் படம்பிடிக்கும் கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் முகத்தில் எந்தப் பக்கம் எடுப்பாக விழுகிறது என்று ஆராய்ச்சி செய்வார். அதில் கடுகளவு அக்கறையை வேதாகமத்தின் மேல் காட்டியிருந்தால் ஒரு தாயின் நிம்மதி போயிருக்காது.

ஊழியத்துக்கு வருமுன் அவர் வீடு வீடாய்ப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தெரியாமலே நன்றாக விற்றார். பிறகு அழைப்பு வந்தது என்றார். சரக்கு மாறியதே தவிர வித்தை மாறவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் தடித்தடியாய் வேத விளக்க நூல்கள் நிற்கும். வீடியோவில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வாங்கியவை. பாதிக்கு மேல் இன்னும் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

சனிக்கிழமையானால் மனைவி கேட்பாள்.

"நாளைக்கு எந்தப் பகுதிங்க?"

"ஆவியானவர் நடத்துவார்."

ஆவியானவரின் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு ஐயா கைப்பேசியை எடுப்பார். யாரோ அனுப்பிய, அருவிப் படத்தின் மேல் அச்சடித்த வசனம் ஒன்று அதில் இருக்கும். இன்னொரு பிரசங்கியாரின் வீடியோவை வேகமாக ஓடவிட்டு நாலு சிரிப்பும் ஒரு அழுகையும் திருடுவார். மீதி நேரத்தைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். எடுத்த வசனத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, அதைப் பேசியது யார் என்பதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்களின் கவலை என்பது அவர் எண்ணம். ஆனால் முடிக்கும்போது மட்டும், "வீட்டுக்குப் போய் முழு அதிகாரத்தையும் வாசிங்க" என்று கண்டிப்பாகச் சொல்வார். அவர் வாசித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா அவர் சொன்னதை அப்படியே செய்கிறவள். புருஷன் இல்லை. இருந்த ஒரே மகனும் வேலைக்குப் போகும் வழியில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கடையை ஒருவழியாகத் திறந்தபோது, ஜெபிக்கப் பாஸ்டரைக் கூப்பிட்டாள். பாஸ்டர் சட்டம் போட்ட வசனம் ஒன்றைக் கொண்டுபோய்த் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினார். ஆரம்பம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று சொல்லும் யோபு புத்தக வசனம். கடை திறப்புக்கு இதைவிடப் பொருத்தம் வேறு கிடைக்குமா? அரைமணி நேரம் முழங்கினார். பழக்க தோஷத்தில், வீட்டில் போய் முழு அதிகாரத்தையும் வாசிக்கச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வேதாகமத்தோடு, சபையை ஒட்டி மாடியிலேயே இருந்த பாஸ்டர் வீட்டுக்கு வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பாஸ்டர், நீங்க குடுத்த வசனம் எனக்குன்னுதானே ஆண்டவர் குடுத்தாரு?"

"சந்தேகமே வேண்டாம்மா. உங்களுக்கேதான்."

"அப்போ கொஞ்சம் மேல இருக்கிற இதுவும் எனக்குத்தானா?"

விரல் வைத்துக் காட்டினாள். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் ஆண்டவர் அவர்களைக் கைவிட்டார் என்கிற பொருளில் அங்கே ஒரு வசனம் கிடந்தது. பாஸ்டர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அதைப் பார்த்தார். பேசுகிறது யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. 'தெரியலம்மா, படிச்சுட்டுச் சொல்றேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் வராது. இயந்திரம் விற்றபோதும் வந்ததில்லை.

"வேதத்துல இருக்கிற எல்லாமே ஆண்டவர் வார்த்தைதாம்மா" என்றார். "அவர் காரணமில்லாம எதையும் செய்யமாட்டாரு. உபவாசம் இருந்து, உங்களை நீங்களே சோதிச்சுப் பாருங்க."

"என் பையன் அப்படி என்ன பாஸ்டர் பண்ணான்?"

"அது ஆண்டவருக்குத்தான் தெரியும். நீங்க ஜெபத்துல கேளுங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"அது யாரு பேசினதுங்க?"

"யோபு புத்தகம்."

"புத்தகம் தெரியுது. யாரு பேசினது?"

இனி மழுப்ப வழியில்லாமல் ஐயா புத்தகத்தைத் திறந்தார். பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், ஆறுதல் சொல்கிறேன் என்று வந்த நண்பன் ஒருவன் பேசிய பேச்சு அது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய அதே மூச்சில்தான் அந்த 'நிறைவான முடிவையும்' அவன் சொல்லியிருந்தான். கடைசி அதிகாரத்துக்குப் புரட்டினார். அந்த நண்பர்கள் மேல் கடவுளுக்கே கோபம் மூள்கிறது. என்னைப் பற்றி நீங்கள் பேசியது சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். அந்தத் தாய்க்கு வேண்டிய மருந்து முழுக்க அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

"கையோட போய்ச் சொல்லிட்டு வாங்க. பாவம்ங்க அவங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு போய்ச் சொல்ல? படிக்காமலே பிரசங்கம் பண்ணிட்டேன்னா?"

"ஆமா. அப்படியே சொல்லுங்க."

"விளையாடறியா? இது தெரிஞ்சா அப்புறம் எவன் என்னை மதிப்பான்? நாளைக்குப் பிரசங்கத்துல பொதுவாச் சொல்லிடறேன் விடு."

தெருக்கோடி வரை நடக்க அவருக்குக் கால் வரவில்லை. மானம் போய்விடுமாம். இருந்தால்தானே போவதற்கு!

மறுநாள் சாட்சி சொல்லும் நேரத்தில் தையல்காரம்மா எழுந்து முன்னால் வந்தாள். பட்டினி கிடந்த உதடு வெடித்திருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்டர் சொன்ன மாதிரி ஆண்டவர்கிட்ட கேட்டேன். யோசிச்சு யோசிச்சுப் பார்த்ததுல இப்பத்தான் புரிஞ்சுது. என் பையன் சாகறதுக்கு முந்தின வாரம், உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிட்டு சபைக்கு வராமப் பந்து விளையாடப் போயிருந்தான். எனக்குத் தெரிஞ்சும் நான் கண்டிக்கல. பாவம், சின்னப் பையன்தானேன்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் ஆண்டவர் அவனை எடுத்துக்கிட்டாரு. நீங்க எல்லாரும் என்னையும் என் பிள்ளையையும் மன்னிச்சுடுங்க."

கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். மைக் பாஸ்டரின் கைக்கு வந்தது. கடைசி அதிகாரத்தில் காகிதம் செருகிய வேதாகமம் அவர் மடியிலேயே இருந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எடுப்பான பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி நின்றார்.

"சகோதரி எவ்வளவு தாழ்மையா ஒப்புக்கொண்டாங்க பார்த்தீங்களா? ஆண்டவருக்கு மகிமையா எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க பார்க்கலாம்."

எல்லாரும் தட்டினார்கள். தையல்காரம்மாவும் தட்டினாள்.