ஒன்பதாவது மைக்

அக்டோபர் 17, வெள்ளி.

ஒரு சின்னத் தவறை முதலில் ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமைக் குறிப்பில் 'பார்வையாளர் மைக்குகள் எட்டு' என்று எழுதியிருந்தேன். மறுநாள் அதை அடித்துவிட்டு 'ஒன்பது' என்று திருத்தினேன். திருத்தியிருக்கக் கூடாது.

இனி எழுதப்போவது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கிறேன். அன்றன்று செய்த வேலையை எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதால் எழுதிப் பழகியவள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இந்த முறையும் முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். காது சரியாகத்தான் இருக்கிறது.

பகலில் ஓர் ஒலிக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஒரு பாப் பாடகியின் மேடை நிகழ்ச்சி இன்று வீடியோவாக வெளியாக வேண்டியிருந்தது. மேடையின் ஒலியை இன்ஜினியர் சார் முடித்துவிட்டார். கண் அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முன் அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரே ஒரு வேலை: கூட்டத்தின் சத்தத்தைப் பாட்டோடு சேர்ப்பது. அரங்கத்தில் பார்வையாளர்களின் தலைக்கு மேலும் மைக்குகளைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொன்றும் தனித் தடமாகப் பதிவாகும். அவற்றை அளவாகக் கலந்தால்தான் வீட்டில் பார்ப்பவருக்கு அரங்கில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். எட்டு மைக்கையும் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார் சார்.

செவ்வாய்க்கிழமை, பெயர் வைக்காத ஒன்பதாவது தடம் ஒன்று கண்ணில் பட்டது. சார் எண்ணும்போது விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவரே விட்டதை நான் பிடித்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட. திறந்தேன்.

அருமையாக இருந்தது. முதல் கோளாறே அதுதான்.

மற்ற எட்டிலும் விசில் இருந்தது, இருமல் இருந்தது, மறைக்கிற ஆளை 'உட்காருடா' என்று ஒருவர் திட்டுவதும் இருந்தது. ஒன்பதில் பாடும் குரல்கள் மட்டும். கைதட்டல் இல்லை. பாட்டுகளுக்கு நடுவே செருமல்கூட இல்லை. இன்னொன்றும் இருந்தது. மேடைச் சத்தம் தூரத்து வரிசைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அதனால் கூட்டம் எப்போதும் பாட்டுக்கு ஒரு நூல் பின்தங்கித்தான் பாடும். இந்தக் குரல்கள் பாடகிக்கு ஒரு நூல் முன்னால் பாடின.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

தடம் நகர்ந்திருக்கும் என்று நினைத்துப் பின்னால் தள்ளி வைத்தேன். மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் முன்னால் நின்றது. நான்தான் சரியாகச் சேமிக்கவில்லை என்று எழுதி வைத்தேன். அதற்குள் வீடியோவின் இயக்குநர் எட்டிப் பார்த்தார். கேட்டார். இத்தனை நாளாகத் தான் தேடிய கூட்டம் இதுதான், இதில் கை வைக்காதே என்றார்.

மதியம் தம்பி வந்தான். வீட்டின் இரண்டு சாவிகளையும் நான் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"என்ன சவுண்ட் சர்வீஸ், ரெண்டு சாவியையும் தூக்கிட்டு வந்துட்ட? நான் என்ன ஜன்னல் வழியா கரைஞ்சா உள்ள போறது?"

எனக்கு அவன் வைத்த பெயர் அது. வாய் ஓயாதவன். அந்த வாய்க்குத்தான் கடைசியில் வேலையும் கிடைத்தது: வாடிக்கையாளர் சேவை, தொலைபேசியில் பேச வேண்டும். இரண்டு வருடம் அலைந்து வாங்கியது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். இவன் பேசுவதற்கு இனி காசு கொடுப்பார்களாம் என்று அம்மா பக்கத்து வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒன்பதாவது தடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாடகி என்றால் அவனுக்கு உயிர். டிக்கெட் கிடைக்காமல் நிகழ்ச்சிக்குப் போகாதவன் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினான். நான் ஒருநாளும் பாடியதில்லை. கேட்கும்போது வாயை மூடு, உன் குரலே உன் காதை ஏமாற்றும் என்பது வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

பாட்டு முடிந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே, "ஆங்... இருக்கேன்" என்றான்.

"யார்கிட்டடா சொல்ற?"

"கேட்டாங்கல்ல, இருக்கியான்னு."

ஹெட்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

புதன்கிழமை காலையில் அவனுக்குக் குரல் இல்லை. தொண்டை கட்டவில்லை. வலி இல்லை. வாய் அசைந்தது, ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. மருத்துவர் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, பேசாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார். அதைக் கேட்டு அம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். தம்பி கைப்பேசியில் எழுதிக் காட்டினான்.

'திங்கக்கிழமைக்குள்ள வந்துடும்ல?'

வந்துவிடும் என்றேன்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. ஒலிக்கூடத்துக்குப் போனேன். கலவை அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். தம்பி பாடிய அதே நான்காவது பாட்டு. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்பதை மட்டும் திறந்தேன்.

குரல்கள்... ஒரு நூல் முன்னால்.

அதில் ஒன்று தம்பியுடையது.

பதிவு நடந்தது ஆகஸ்டில். அன்று முழுக்க அவன் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து, டிக்கெட் கிடைக்கவில்லை என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குறிப்பிலும் பார்த்துக்கொண்டேன்.

பதிவின் 21:07ஆவது நிமிடத்தில் பாட்டு முடிந்தது. எல்லாக் குரல்களும் ஒரே சமயத்தில் நின்றன.

அவனுடையது மட்டும் நிற்கவில்லை.

"அக்கா..."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா... இருக்கியா?"

அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

வியாழக்கிழமை இயக்குநரிடம் போனேன். ஒன்பதாவது தடத்தை எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். காரணம் கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஒரு மகளிடம் பேசுவதுபோல், வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். வீடியோ முந்தின நாளே வெளியிடுபவர்கள் கைக்குப் போய்விட்டது. இனி யாராலும் நிறுத்த முடியாது.

இன்று மாலை ஆறு மணிக்கு வெளியானது. விளம்பரத்தில் இயக்குநர் ஒரு வரி சேர்த்திருந்தார்.

'வீட்டிலிருந்தே நீங்களும் கூடப் பாடுங்கள்.'

ஏழு மணிக்குள் லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள்.

கலவை அறைக்குள் போய் ஒன்பதைத் திறந்தேன். கூட்டம் அதிகமாகியிருந்தது.

குழந்தைகள்கூட...

அப்போது கைப்பேசி அடித்தது. சார். கண் கட்டைப் பிரித்துவிட்டார்களாம். இன்னும் திரையைப் பார்க்கக் கூடாதாம், அதனால் வீடியோவைக் காதால் மட்டும் கேட்டாராம். நல்லா வந்திருக்கு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை மைக் போட்ட?"

"ஒன்பது சார்."

சார் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அரங்கின் மேல்மாடத்தில், வடக்கு மூலையில், நாற்காலிகள் மேல் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். அங்கே டிக்கெட் விற்றதே இல்லை. யாரும் உட்கார்ந்ததும் இல்லை. ஒன்பதாவது மைக் அந்த மூலைக்கு மேல் தொங்குகிறது. எல்லா நிகழ்ச்சிக்கும் தொங்கவிடுவார்கள். பதிவாகவும் விடுவார்கள். திறக்க மாட்டார்கள்.

"ஆளே இல்லாத இடத்துல எதுக்கு சார் மைக்கு?"

"அங்க ஒண்ணு தொங்கவிடலன்னா, மத்த எட்டுலயும் கேக்கும்மா."

சார் அடுத்ததைக் கேட்டார்.

"யாராவது பதில் சொன்னாங்களா?"

தம்பி என்றேன். குரல் திரும்பி வருமா என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி இந்த வேலையப் பார்த்தவரு, இப்பவும் எழுதித்தான் காட்டுறாரு."

வீட்டுக்கு வந்தேன். தம்பி விழித்திருந்தான். வேலைக்காகத் தைத்த புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் ஒன்பதில் இருப்பதைச் சொன்னேன். கைப்பேசியை நீட்டினான்.

'அதுல நான் என்ன சொல்றேன்?'

"பாடுற."

சிரித்தான். சத்தமில்லாமல்.

பத்து மணிக்கு இயக்குநரிடமிருந்து செய்தி வந்தது. நிகழ்ச்சியின் இரண்டாம் பாகத்துக்கும் அதே கூட்டம் வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வேறு ஒருவரை உட்கார வைப்பார், அவருக்கு வாயை மூடத் தெரியுமோ தெரியாதோ. தம்பியின் குரல் இருக்கும் ஒரே இடமும் அதுதான்.

நாளைய வேலை: காலை எட்டரைக்குத் தம்பியை வேறு மருத்துவரிடம் விட வேண்டும். ஒன்பதரைக்கு இரண்டாம் பாகத்தின் கலவை, ஒன்பது தடங்கள். அதற்கு முன் மருந்துக்கடையில் அகலமான பிளாஸ்திரி ஒரு சுருள் வாங்க வேண்டும், என் வாய்க்கு.