ஐந்தாம் எண் நாக்கு

என் மனைவி சியாசி வாய் திறந்தால்தான் எங்கள் ஊர் வாய் திறக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். வடதுருவப் பக்கத்து எங்கள் கடல் உறைவதற்குமுன், வால்ரஸ் என்கிற தந்தம் நீண்ட கடல் மிருகத்தை வேட்டையாடப் போன படகு திரும்பி வரும். கரை நெடுக இறைச்சி குவிந்து கிடக்கும். நாய்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு வரப் பார்க்கும். ஊரில் ஒவ்வொருத்தனும் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு அலைவான். ஆனால் ஒரு துண்டுகூட ஒருத்தன் வாய்க்குள்ளும் போகாது. மறுநாள் ஊர் வானொலியில் அவள் குரல் வர வேண்டும். "ஒண்ணு நல்லது. ரெண்டு நல்லது. மூணு நல்லது." அவள் பேச்சே அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு தரையில் அட்டைப்பெட்டி அட்டையை விரித்து, இறைச்சியைப் பச்சையாகத் தின்ன உட்காருவார்கள்.

அந்த வானொலியை நடத்துகிறவன் நான், காலிங்கோ. காலையிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்துவதை ஒரு ஜென்மமும் காதில் வாங்குவதில்லை. வானிலை சொன்னாலும் சரி, ஊர்க் கூட்டம் சொன்னாலும் சரி, நான் காய்களை எடுத்து எண் படிக்க வீட்டிலிருந்தே காசு கட்டி ஆடும் பிங்கோ எப்போது என்றுதான் போன் போட்டுக் கேட்பார்கள். அவள் எண் படிக்கும் அரை நிமிஷம் மட்டும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

காரணம் ஒரு புழு. எங்கள் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, ஒரு வேட்டைக்குப் பின் ஊரில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. கை தூக்கினால் வலி, மூச்சு விட்டால் வலி. என் தம்பி அதில்தான் போனான். சியாசி அப்போது மருத்துவ நிலையத்தில் எங்கள் பேச்சை நர்ஸுகளுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தாள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வால்ரஸின் தசையில் சுருண்டு கிடக்கும் புழு மனிதத் தசைக்குள் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதாகச் சொன்னார்களாம். அப்படியென்றால் சாப்பிட்ட பிறகு எங்களிடம் ஏன் தேடுகிறீர்கள், சாப்பிடுமுன் அதனிடம் தேடினால் என்ன என்று இவள் கேட்டாள். அதே கேள்வி மற்ற ஊர்களிலும் எழுந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் மருத்துவ நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன லேப் வந்தது. சியாசியை அனுப்பிப் படிக்கவைத்து அதில் உட்காரவைத்தார்கள்.

அவள் செய்கிற வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். அடித்த ஒவ்வொரு வால்ரஸின் நாக்கும் அவளிடம் வந்துவிட வேண்டும். நாக்கில் கட்டும் எண்ணும் இறைச்சி மூட்டையில் கட்டும் எண்ணும் ஒன்று. நாக்கைப் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் அமிலமும் இரைப்பையிலிருந்து எடுத்த ஒரு பொடியும் போட்டுச் சுழலவிடுவாள். கண்ணாடிக் குடுவையில் ஒரு வயிறு செய்து நாக்கைச் செரிக்க வைக்கிறாள், அவ்வளவுதான். தசை கரைந்துபோகும். புழு இருந்தால் கரையாமல் அடியில் தங்கும்.

ஒருமுறை என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த நாக்கு அது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சின்னச் சுருள், அசைந்தது. மெல்லப் பிரிந்து, மறுபடியும் சுருண்டுகொண்டது. எங்கள் குளிரில் தடித்த தோலுடுத்திய மனிதர்கள் செத்திருக்கிறார்கள், இது சாகவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயமா பக்தியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் 'கெட்டது' என்று சொல்லும் எண்ணை நான் கேள்வி கேட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அந்தத் தடவை புட்டுலிக்கைப் பற்றியது. எங்கள் ஊரில் வீடுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் பிறந்தபோது கொப்பூழ்க்கொடியை அறுத்து, முதல் உடுப்பை உடுத்திவிட்டவள் சியாசி. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அப்படிச் செய்கிறவளை எங்களிடத்தில் அந்தப் பிள்ளையை 'ஆக்கினவள்' என்பார்கள். பிள்ளை என்ன ஆகப்போகிறான் என்பது அவள் கையில், அவள் பொறுப்பு. புட்டுலிக் அவளை ஆக்கினம்மா என்றுதான் கூப்பிடுவான்.

ஆனால் ஆக்கிய பிள்ளையை அவளே தூக்கிக் கொடுக்க வேண்டிவந்தது. அவனுக்கு நாலு வயதாகும்போது ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது. எல்லோர் நெஞ்சையும் படமெடுத்தார்கள். அவனுக்குக் காசநோய், தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அவன் அம்மாவுக்குக் கால் நகரவில்லை. சியாசிதான் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினாள். ஒருத்தர் பேனாவை எடுத்து அவன் கையில் ஒரு எண்ணை எழுதினார். பெயர் கேட்கவில்லை. அவனை விட்டுவிட்டு ஏணியில் இறங்கும்போது அவன் கத்தின கத்தலை இவள் இன்னும் தூக்கத்தில் கேட்கிறாள்.

பிள்ளை பிழைத்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் திரும்பி வந்தபோது பத்து வயது. எங்கள் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பச்சை இறைச்சியைக் கண்டால் வாந்தி எடுத்தான். மற்ற பையன்கள் பனிக்கட்டிமேல் நடக்கப் பழகிய வயதில் இவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவன். வேட்டைக்குக் கூட்டிப்போனால் தொந்தரவு என்று விட்டுவிட்டார்கள். வளர்ந்து லாரி ஓட்டத் தொடங்கிய பிறகு, "புட்டுலிக் தண்ணி மட்டும்தான் புடிப்பான்" என்று ஒரு பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. அவன் காதுபடவே சொல்வார்கள். நானும் ஒரு நாள் வானொலியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தலை நரைக்கும் வயதுவரை அவன் ஒரு பெரிய மிருகத்தை அடித்ததில்லை.

அந்த வருஷம் படகுத் தலைவன் பவுலுசிக்கு ஆள் குறைந்தது, அவனைக் கூட்டிப்போனான். மூன்றாம் நாள் கடலிலிருந்து பவுலுசி ரேடியோவில் கூப்பிட்டு, புட்டுலிக் ஒன்றை அடித்துவிட்டான், அவன் ஈட்டிதான், யாரும் தொடவில்லை என்றான். நான் பிங்கோவை நடுவில் நிறுத்திவிட்டு ஊருக்கு அறிவித்தேன். பிங்கோவை நிறுத்தினால் என்னை உயிரோடு புதைத்துவிடுகிற பெண்கள் அன்றைக்குப் போனில் அழுதார்கள்.

படகு வந்தபோது ஊரே கரையில் நின்றது. ஒருவன் அடித்த முதல் மிருகம் முழுக்க அவனை ஆக்கினவளுக்குச் சொந்தம். அவன் அதில் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவள் எல்லோர் முன்னும் முதல் வாய் சாப்பிட்டு, அவன் மணிக்கட்டைச் செல்லமாகக் கடித்துவிட்டால் அவன் வேட்டைக்காரன். அதுவரை இல்லை. புட்டுலிக் வயிற்றுப் பகுதியில் ஒரு துண்டை அறுத்து, இரண்டு கையாலும் சியாசியிடம் நீட்டினான்.

சியாசி வாங்கினாள். மோந்து பார்த்தாள். பிறகு அதை மூட்டையில் திரும்ப வைத்து, "நாளைக்குடா கண்ணு" என்றாள். நாக்கில் ஐந்தாம் எண்ணைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு லேப் பக்கம் நடந்துவிட்டாள்.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவள் வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கத்தினேன். ஒரு வாய் சாப்பிட்டால் குடியா முழுகிவிடும் என்றேன். அவள் நாக்கு நறுக்கும் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வானொலி நிலையத்துக்கு அவள் வந்தபோதே முகத்தில் தெரிந்துவிட்டது. நான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அவனோடதா?"

தலையாட்டினாள்.

"எத்தனை புழு பாத்தே? ஒண்ணா ரெண்டா? சியாசி, இன்னொரு நாள் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லேன். அவனுக்கு இது ஒண்ணுதானே கெடைச்சிருக்கு."

"உன் தம்பி தின்னதும் ஒரு துண்டுதான்" என்றாள். மைக்கிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள்.

ஒன்று முதல் நான்கு வரை நல்லது என்று படித்தாள். "அஞ்சு கெட்டது. நாய்க்கும் போடாதீங்க. ஆறு நல்லது." எண் மட்டும்தான் சொன்னாள். ஆனால் ஐந்து யாருடையது என்று ஊரில் தெரியாதவர் யார்?

அன்றைக்கு நல்ல இறைச்சி கிடைத்தும் யாரும் கொண்டாடவில்லை. புட்டுலிக் நேராக லேபுக்கு வந்தான். நான் உள்ளேதான் இருந்தேன். அடித்து நொறுக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"மொதல்ல என்னை எடுத்துக்கிட்டுப் போனாங்க ஆக்கினம்மா" என்றான். "நீதான் தூக்கிக் குடுத்தே. இப்ப இதையும் நீயே எடுத்துக்கிட்டே."

சியாசி நாற்காலியை இழுத்து மைக்ரோஸ்கோப் முன்னால் போட்டாள். அவன் வந்து உட்கார்ந்து குனிந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இத்துனூண்டா" என்றான் கடைசியில். "அவ்வளவு பெரிய உடம்புக்குள்ள, இத்துனூண்டு. அதுவும் சும்மா தூங்குது."

"உனக்குள்ளயும் இப்படித்தான் ஒண்ணு தூங்கிச்சு" என்றாள் சியாசி. "கண்ணுக்குத் தெரியாதது. அதனாலதான் குடுத்தேன். கெட்டதுன்னு எண்ணைப் படிக்கிறப்பல்லாம் உன் கையில எழுதின எண்ணுதான் எனக்கு ஞாபகம் வருது."

அவன் எழுந்தான். அந்த இறைச்சி முழுவதையும் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்த் தானே எரித்துவிடுவதாகச் சொன்னான். எரி, ஆனால் நேற்று எனக்கு அறுத்துக் கொடுத்த துண்டை மட்டும் இங்கே கொண்டுவந்து கொடு, அது என்னுடையது என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கெட்ட எண் என்றால் தொடக் கூடாது, கொதிக்க வைத்தும் தின்னக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். குளிருக்குச் சாகாத அந்தப் புழு கொதிக்கிற சூட்டில் செத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எல்லார் வீட்டு அடுப்பையும் நம்ப முடியாது, அவசரக்காரன் அரை வேக்காட்டில் தின்பான் என்பதற்காக மொத்தமாகத் தடுத்து வைத்திருந்தாள். அன்றைக்குத் தன் அடுப்பை மட்டும் நம்பினாள். பிற்பகல் முழுவதும் அந்தத் துண்டு எங்கள் வீட்டுச் சட்டியில் கொதித்தது. லேபிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியை இறைச்சியின் நடுவில் குத்திக் குத்திப் பார்த்தாள். புட்டுலிக் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து நின்றான். இறக்கிய பிறகும் விடவில்லை. ஒரு ஓரத்தை அறுத்துக்கொண்டு லேபுக்கு ஓடி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். சுருள் இருந்தது. காத்திருந்தேன், பிரியவில்லை. செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து அட்டையை விரித்து அதன்முன் உட்கார்ந்தாள். மீதித் துண்டு முழுவதையும் அவளே சாப்பிட்டாள். எனக்கு ஒரு நார்கூடத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மென்று மென்று தாடை வலித்ததோ என்னவோ, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கடைசி வாயை விழுங்கிவிட்டு, புட்டுலிக்கின் கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டைக் கடித்தாள். நன்றாகவே கடித்தாள், பல் பதிந்தது. எண் எழுதிய கை அதுதானா என்று நான் கேட்கவில்லை. அவன் மிச்ச இறைச்சியை எரிக்க வெளியே போனான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

சியாசி என்னை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிங்கோ நேரம். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எண்ணைத் தவிர வேறெதையும் அந்த மைக்கில் சொன்னதில்லை.

"நான் சியாசி பேசுறேன். காலையில அஞ்சுன்னு சொன்னேன். அது புட்டுலிக். அது அவனோட மொதல் வால்ரஸ். அதை நான் வாங்கிக்கிட்டேன். வேகவெச்சு, சோதிச்சு, நான் சாப்பிட்டேன். மிச்சத்தை யாரும் தொடக் கூடாது, அது எரியுது. ஆனா மொதல் வாய் ஆயிடுச்சு. நான் ஆக்கின பிள்ளை வேட்டைக்காரன். இனிமே தண்ணி புடிக்கிறவன்னு எவனாவது சொன்னா அவன் வீட்டு நாக்கை நான் சோதிக்க மாட்டேன்."

எனக்கு இந்தப் பெண்ணோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்றே மறந்துபோயிற்று. யாரோ பெரிய மனுஷி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. எடுத்து அப்படியே ஒலிபரப்பில் போட்டேன். பின்னால் காற்றும் தீ எரிகிற சத்தமும் கேட்டன. குப்பைமேட்டுக் காவல் கொட்டகையிலிருந்து புட்டுலிக்.

"ஆக்கினம்மா, ருசி எப்படி இருந்துச்சு?"

சியாசி யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"பூட்ஸ் அடித்தோலை மென்ன மாதிரி இருந்துச்சுடா" என்றாள். "அடுத்ததைப் பச்சையாத் தின்கிற மாதிரி கொண்டா."

அவன் சிரித்தான். கப்பலேறிப் போன பிள்ளை திரும்பி வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவன் சிரிப்பு வானொலியில் ஊர் முழுக்கக் கேட்டது. மற்ற போன் லைன்களின் விளக்குகளும் எரிய ஆரம்பித்தன. சியாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கை என் பக்கம் தள்ளி, பிங்கோவைத் தொடங்கச் சொன்னாள். நான் முதல் காயை எடுத்தேன். அதிலிருந்த எண்ணைப் படிக்கச் சொல்லி மைக்கை மறுபடியும் அவள் பக்கமே தள்ளினேன்.